தளர்வாக விடச் சொன்ன இடங்கள்

"இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க. முழங்காலுக்கு நடுவுல ஒரு தலகாணி, வயித்துக்கு அணைவா ஒண்ணு. மெதுவா, மெதுவாக் கண்ண மூடுங்க" என்றாள் யோகா டீச்சர் ஹேமலதா. பாய்களில் வரிசையாகக் கிடந்த கர்ப்பிணிகள் சொன்ன சொல் தட்டாமல் மூடிக்கொண்டார்கள். இந்துமதியும் மூடினாள், ஆனால் முழுக்க மூடவில்லை. இமைக்கடியில் ஒரு கீற்று விட்டுவைத்தாள். ஊரே கண்ணை மூடிக் கிடக்கும்போது கண்ணைத் திறந்துவைத்திருக்கிற ஒருத்தி என்ன செய்கிறாள் என்று யாராவது ஒருவர் பார்க்க வேண்டாமா? ஹேமலதா பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், ஏசி ரிமோட்டை எடுத்து அமுக்கினாள், கொட்டாவியை உள்ளங்கையால் மறைத்தாள், அப்புறம் அந்தக் குரலை எடுத்தாள். சாதாரணமாகப் பேசும்போது அவளுக்குச் சந்தையில் பேரம் பேசுகிற கணீர்க் குரல்தான். பாய் விரித்துப் படுக்க வைத்ததும் மட்டும் தேன் தடவின இந்தக் குரல் எங்கிருந்தோ வந்துவிடுகிறது. ஊசி போடுவதற்கு முன்னால் நர்சுகள் எடுக்கிற குரல் இது. வலிக்காது என்று சொல்கிறவர்கள் எல்லாம் இப்படித்தான் சொல்கிறார்கள் என்பது இந்துமதிக்கு இந்த ஏழு மாதத்தில் நன்றாகவே பிடிபட்டிருந்தது. ஈரோட்டில் அவள் வைத்தியம் பார்த்துக்கொள்கிற ஆஸ்பத்திரியின் மேல்மாடி ஹால் அது. மற்ற நாட்களில் நர்சுகளின் மீட்டிங் நடக்கும், சனிக்கிழமை காலையில் மட்டும் யோகா. சுவர் முழுக்கக் கொழுகொழுவென்று குழந்தைகளின் படம். ஒன்றுக்குக்கூட ஒரு குறை கிடையாது. குறையுள்ள குழந்தையை யார் படம் எடுத்துச் சுவரில் மாட்டுவார்கள் என்று நினைத்தாள், நினைத்ததுமே வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"வலது கால் கட்டைவிரல். அத மட்டும் நினைங்க. தளர்வா விடுங்க." கட்டைவிரலைத் தளர்வாக விடுவது எப்படி? அது எதையாவது பிடித்துக்கொண்டா இருக்கிறது? பிடித்துக்கொண்டிருப்பது வேறு இடம், அந்த இடத்தை யாரும் சொல்லக் காணோம். டாக்டரம்மா அன்றைக்கு என்ன சொன்னார்? "நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்கம்மா, சார்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு அனுப்பறேன்" என்றார். வயிறு இவளுடையது, வயிற்றுக்குள் இருக்கிறது இவளுடையது, அந்த ஒரு வார்த்தை மட்டும் எப்படித் தினகருடையது ஆகும்? அவன் புருஷன், சரி, பாதிப் பங்கு அவனுக்கும் உண்டு, அதற்காக முழு வார்த்தையையும் அவனே வாங்கிக்கொண்டு வருவதா? வெளியே வந்தபோது அவன் முகம் துடைத்துவிட்ட சிலேட்டு மாதிரி இருந்தது. "என்னங்க சொன்னாங்க?" "ஒண்ணுமில்ல இந்து. உனக்குப் படபடப்பு ஜாஸ்தியா இருக்குதாம். பிரஷர் ஏறிரக் கூடாதாம். மேல யோகா கிளாஸ் நடக்குதாம், சேத்தி விடச் சொன்னாங்க." "அத எங்கிட்டயே சொல்லியிருக்கலாமில்ல?" "சொன்னா அதுக்கும் ஒருக்காப் படபடப்பாவே." சிரித்தான். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது, அதையும் அவள் பார்த்துவிட்டாள். தினகருக்குப் பொய் சொல்ல வராது. பொய் சொல்லத் தெரியாதவன் பொய் சொல்லும்போதுதான் பயமாக இருக்கிறது, ஏனென்றால் சும்மா அவன் அதற்குத் துணிய மாட்டான். அந்த வாரமே இன்னொரு ஸ்கேன். எல்லாம் சரியாக இருந்தால் எதற்கு இன்னொரு ஸ்கேன்? ஸ்கேன் எடுத்த பெண் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஆணா பெண்ணா என்று தெரியக் கூடாதென்று எல்லோருக்கும் அப்படித்தான் திருப்புவார்கள், இந்துமதிக்கும் தெரியும். ஆனாலும் இந்தத் தடவை கொஞ்சம் கூடுதலாகத் திருப்பின மாதிரி இருந்தது. ஜெல் துடைக்கத் துணியைக் கொடுக்கும்போதே "எல்லாம் நார்மல்தாங்க்கா" என்றாள். இந்துமதி வாயைத் திறக்கவேயில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறவளை எப்படி நம்புவது? இதயமா, முதுகெலும்பா, மூளையில் தண்ணீரா? ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள், ஒன்றுமில்லாததைச் சொல்ல இத்தனை பேர் எதற்கு?

"கெண்டைக்கால்... முழங்கால்... தொடை... கனமாகுது, தரையில அப்படியே அமுங்குது." அமுங்கினது பாய்தான். பக்கத்துப் பாயில் கிடந்த பெண் அதற்குள் மெல்லக் குறட்டை விட ஆரம்பித்திருந்தாள். கொடுத்து வைத்தவள், அவளிடம் யாரும் எதையும் மறைக்கவில்லை போலிருக்கிறது. இந்துமதிக்குப் பொறாமையாக இருந்தது. மாமியாரைப் பற்றி நினைத்தாள். மருமகள் காப்பியில் சர்க்கரை கூடிவிட்டது என்று போன மாதம் வரை முகம் சுளித்த மாமியார், இப்போது சோற்றைப் பிசைந்து கையில் உருட்டிக் கொடுக்கிறார். "எந்திரிக்காத கண்ணு, நான் பாத்துக்கறேன்" என்கிறார். திடீரென்று பாசம் பொழிகிற மாமியாரைப் பார்த்துச் சந்தேகப்படாத மருமகள் எந்த ஊரில் இருக்கிறாள்? சீரியலில் ஆஸ்பத்திரிக் காட்சி வந்தால் போதும், ரிமோட்டைப் பிடுங்கிச் சமையல் நிகழ்ச்சிக்கு மாற்றிவிடுகிறார். அப்புறம் தினகரின் தலைமுடி. சத்தியமங்கலம் பக்கத்தில் சிநேகிதன் வீட்டுக் கிரகப்பிரவேசம் என்று ஒரு நாள் விடிகாலையில் கிளம்பிப் போனான். போகும்போது பேன்ட் சட்டை, வரும்போது வேட்டி, தலை ஈரம். வாசலில் நின்று "அம்மா, தண்ணி" என்றான், மாமியார் சொம்பில் கொண்டுபோய்க் கொடுத்தார், காலைக் கழுவிக்கொண்டுதான் உள்ளே வந்தான். கிரகப்பிரவேச வீட்டில் தலைக்குக் குளித்துவிட்டு வருகிறவன் உண்டா? அவள் இரண்டு நாள் உருட்டிப் புரட்டிப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தாள்: எங்கேயோ கோயிலுக்குப் போய்ப் பரிகாரம் செய்திருக்கிறான். ஆற்றில் முழுகச் சொல்லியிருப்பார்கள். ஜாதகக்காரர் ஏதோ சொல்லியிருக்கிறார், டாக்டரம்மா சொன்னதையே அவரும் சொல்லியிருக்கிறார். ஜாதகம் பார்க்கிறவர்களையே திட்டுகிற தினகர் ஆற்றில் முழுகுகிறான் என்றால் விஷயம் எவ்வளவு பெரிசாக இருக்க வேண்டும். ஹேமலதா தாடையைத் தளர்த்தச் சொல்லும் இடத்துக்கு இன்னும் வரவில்லை, ஆனால் பல்லைக் கடித்துக் கடித்து இந்துமதிக்குத் தாடை இப்போதே வலித்தது.

"இப்ப வயிறு. உங்க பாப்பா பத்திரமா இருக்குது. நீங்க மூச்சு விட விட, பாப்பாவுக்கும் அது போகுது." பத்திரமா இருக்குது என்று உனக்கு எப்படித் தெரியும்? உன்னிடமும் டாக்டரம்மா சொல்லியிருக்கிறாரா, இந்தப் பாயில் படுக்கிறவளிடம் கொஞ்சம் அழுத்திச் சொல்லு என்று? உள்ளே அது புரண்டது. விலாவின் பக்கமாக ஒரு முழங்கையோ குதிகாலோ உருண்டு அடங்கியது. அடங்கினால் ஏன் அடங்கினது என்று பயம், உதைத்தால் ஏன் இப்படி உதைக்கிறது, வலிப்பு மாதிரி ஏதாவதா என்று பயம். அக்கா வளர்மதியிடம் கேட்டால் சொல்வாள். அக்காவுக்கு எல்லாம் தெரியும். கல்யாணமாகி எத்தனையோ வருஷம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கி, இவளுக்கு நாள் தள்ளிப்போன அடுத்த மாதமே அவளுக்கும் தள்ளிப்போனது. அம்மா சந்தோஷத்தில் யாரைக் கட்டிக்கொள்வது என்று தெரியாமல் பால்காரரிடம் போய் அழுதாள். ஆனால் கூடவே ஒரு சட்டமும் போட்டாள்: வயிற்றுப் பிள்ளைக்காரிகள் இரண்டு பேர், அதுவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள், பெற்றெடுக்கிற வரைக்கும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கக் கூடாது. சத்தியமங்கலத்துக்கும் ஈரோட்டுக்கும் நடுவில் போன் மட்டும்தான். இப்போது அந்தப் போனையும் அக்கா எடுப்பதில்லை. "டயர்டா இருக்குடி" என்று எழுதி அனுப்புகிறாள். "அப்புறம் பேசறேன்" என்று எழுதுகிறாள். அக்காவுக்கும் சொல்லிவிட்டார்கள், வேறென்ன. தங்கச்சி பிள்ளைக்கு இப்படி என்று தெரிந்துவிட்டது, பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று எழுதுகிறாள். அம்மா அங்கேதான் அவளோடு இருக்கிறாள், அக்காவுக்கு வாந்தி நிற்கவில்லையாம். நடுவில் ஒரே ஒரு நாள் இங்கே வந்துவிட்டுப் போனாள், கண் இரண்டும் செக்கச்செவேலென்று. "பஸ்ல தூசி கண்ணு" என்றாள். அன்றைக்கு அம்மா துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்று அக்கா புருஷனோடு போனில் கிசுகிசுத்ததை இந்துமதி ஜன்னல் வழியாகக் கேட்டாள். கேட்க வேண்டுமென்றே நின்றாள் என்றும் சொல்லலாம், இப்போதெல்லாம் அவளுக்கு அதுதான் வேலை. "கட்டின பூ வேண்டாங்க மாப்ள. உதிரியாவே நெறைய வாங்கிக்குங்க. மத்தியானத்துக்குள்ள வாடிப்போவுது, மாத்தி மாத்தி வெக்கோணும்." அம்மா உள்ளே வந்ததும் "ஆருக்கும்மா பூ?" என்று கேட்டாள். "சாமிக்கு" என்றாள் அம்மா, கையைத் துடைத்துக்கொண்டே. எந்தச் சாமி, எந்த ஊர்ச் சாமி ஒரு நாளைக்கு இரண்டு வேளை பூ மாற்றச் சொல்கிறது? அதையும் இந்துமதி தன் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டாள். நேர்த்திக்கடன். என் பிள்ளைக்காக எல்லோரும் சேர்ந்து நேர்ந்துகொண்டிருக்கிறார்கள், எனக்குச் சொல்லாமல்.

"இப்ப ஒரு மல்லிகைத் தோட்டத்துல நடந்து போறீங்க" என்றாள் ஹேமலதா, குரலில் இன்னும் கொஞ்சம் தேனை ஊற்றி. "காலை நேரம். பனி ஈரம். ரெண்டு பக்கமும் செடி. பூ விரிஞ்சிருக்குது. அந்த வாசனைய உள்ள இழுங்க... மெதுவா விடுங்க..." போன வாரம் ஆற்றங்கரை, இந்த வாரம் மல்லிகைத் தோட்டம். அடுத்த வாரம் ஊட்டியாக இருக்கும். இழுத்தாள். ஒருவேளை தலையில் பூ வைத்துக்கொண்டு வந்தவள் எவளாவது பக்கத்தில் படுத்திருக்கலாம், நிஜமாகவே வாசனை வந்தது, அல்லது வந்த மாதிரி இருந்தது. ஆனால் அது தோட்டத்து வாசனை இல்லை. வாடின மல்லிகை, கசங்கினது, வேர்வையோடு, அதற்கடியில் புளித்த பாலின் நாற்றம். இது எங்கே? கோபிசெட்டிபாளையத்தில், வாடகை வீட்டில், அவள் ஐந்தாவது படிக்கும்போது. எதிர்வீட்டுச் சம்பூர்ணம் அக்கா ஆஸ்பத்திரிக்கு வயிறோடு போய்க் கையில் ஒன்றுமில்லாமல் திரும்பி வந்திருந்தது. அம்மாவோடு பார்க்கப் போனாள். அந்த அக்கா சுவர்ப் பக்கம் திரும்பி ஒருக்களித்துப் படுத்திருந்தது, இப்போது இவள் படுத்திருக்கிற மாதிரியே. ரவிக்கைக்கு மேலே வெள்ளைத் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார்கள், துண்டின் ஓரத்தில் பழுப்பேறின மல்லிகைகள் பிதுங்கிக்கொண்டிருந்தன. "பூவத் தலையில வெக்காம எதுக்குங்க்கா அங்க வெச்சிருக்கறீங்க?" என்று கேட்டாள். அம்மா தோளைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் வளர்மதிதான் சொன்னாள்: "கொழந்த இல்லீன்னு பாலுக்குத் தெரியாதுல்லடி. அது பாட்டுக்கு ஊறும், கட்டிக்கிட்டு வலிக்கும். மல்லிப்பூவ வெச்சுக் கட்டுனா வத்திரும். வாட வாட மாத்தோணும்." மாத்தோணும். மாத்தி மாத்தி வெக்கோணும். உதிரியாவே வாங்கிக்குங்க மாப்ள. அம்மா போனில் சொன்னது சாமிக்கான பூ இல்லை. சத்தியமங்கலத்தில், அக்கா வீட்டில். தினகர் போனது சத்தியமங்கலத்துக்கு. அவன் முழுகினது ஆற்றில்தான், ஆனால் பரிகாரத்துக்கு இல்லை. எதையோ குழிக்குள் வைத்து மண்ணைத் தள்ளிவிட்டு முழுகியிருக்கிறான். அம்மா கண்ணில் தூசி விழவில்லை. டாக்டரம்மாவிடம் தினகர்தான் முன்கூட்டியே பேசியிருக்கிறான், அவர் இவனிடம் சொல்லவில்லை, இவன் அவரிடம் சொல்லியிருக்கிறான், இவளுடைய கூடப்பிறந்தவளுக்கு இப்படி ஆகிவிட்டது, இவளுக்குத் தெரியாது, தெரிய வேண்டாம் என்று. நிறைமாதத்தை நோக்கிப் போகிறவளிடம் சாவு சொல்லக் கூடாது, அவ்வளவுதான். ஊர் உலகத்தில் எல்லோரும் செய்கிறதைத்தான் இவர்களும் செய்திருக்கிறார்கள். மறைத்தது நிஜம்தான், மறைத்த விஷயம் மட்டும் வேறு ஒன்று.

அப்புறம் நடந்ததை இந்துமதி சாகிற வரைக்கும் யாரிடமும் சொல்லப் போவதில்லை. அக்கா என்று நினைப்பதற்கு முன்னால், அக்கா பிள்ளை என்று நினைப்பதற்கு முன்னால், வேறு ஒன்று வந்தது. அப்போது என் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. அவ்வளவுதான், அந்த ஒரு நினைப்பு. அது வந்ததும் உடம்பு பூராவும் கட்டவிழ்ந்தது. கட்டைவிரல் விட்டது, கெண்டைக்கால் விட்டது, இத்தனை நாளாகக் கடித்துக்கொண்டிருந்த தாடை தானாகத் திறந்தது, தோள் பாயில் போய் விழுந்தது. இமைக்கடியில் விட்டுவைத்திருந்த கீற்றும் மூடிக்கொண்டது. சந்தோஷம்தான் அது, வேறு பெயர் அதற்கு இல்லை. மாதக்கணக்கில் தண்ணீர் காணாதவள் சொம்பைத் தூக்கி வாயில் கவிழ்த்துக்கொண்ட மாதிரி ஒரு சந்தோஷம். ஸ்கேன் பெண் சொன்னது நிஜம். டாக்டரம்மா சொன்னது நிஜம். நார்மல், நார்மல். எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தாள் என்று தெரியாது. தோளில் ஒரு கை பட்டது. ஹேமலதா குனிந்து காதோரம் சொன்னாள்: "அப்படித்தாங்க. இப்பத்தான் நல்லாத் தளர்வா விட்டிருக்கறீங்க." அந்தக் கை எடுத்த பிறகுதான் இந்துமதிக்குத் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது உறைத்தது. துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி வளர்மதி படுத்திருக்கிறாள். இத்தனை வருஷம் காத்திருந்து வந்த பிள்ளை. அவள் அங்கே அப்படிக் கிடக்க, இவள் இங்கே சுகமாக மூச்சு விட்டுக்கொண்டு கிடக்கிறாள். சீ என்று வந்தது. தன் மேல் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. எல்லோரையும் ஒரு மாதமாகக் கண்காணித்தாளே, தனக்குள் இப்படி ஒருத்தி இருப்பதை மட்டும் எப்படிப் பார்க்காமல் விட்டாள்? அழுகை வரட்டும் என்று காத்திருந்தாள். அது உடனே வரவில்லை, அதற்கும் தன்னைச் சந்தேகப்பட்டாள். "உள்ளங்கைய நல்லாத் தேய்ச்சுக் கண்ணுல வெச்சுக்குங்க. மெதுவா, கைய ஊனி எந்திரிங்க" என்றாள் ஹேமலதா. தேய்த்தாள். வைத்துக்கொண்டாள். உள்ளங்கை நனைந்தபோது அப்பாடா என்று இருந்தது.

போன்களை எல்லாம் ஹேமலதா ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டுக் கதவோரம் வைத்திருப்பாள். இந்துமதி தன்னுடையதைத் தேடி எடுத்துக்கொண்டாள். தினகர் கீழே இளநீர் வாங்கி வைத்துக்கொண்டு நிற்பான், நிற்கட்டும். வராந்தாவின் கடைசியில், மாடிப்படி ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு நாற்காலி கிடந்தது. அதில் உட்கார்ந்து அம்மாவைக் கூப்பிட்டாள்.

"சாப்ட்டயா கண்ணு?"

"அக்காட்ட குடும்மா."

"அவ இப்பத்தான் தூங்குனா."

"பூ எதுக்குன்னு எனக்குத் தெரியும்மா."

அந்தப் பக்கம் ஒரு மின்விசிறி கடகடவென்று ஓடுவது மட்டும் கேட்டது. பிறகு அம்மா ஏதோ சொல்ல வந்து, குரல் உடைந்து, திரும்பச் சொல்ல வந்தாள். "நீ பயந்துக்குவீன்னுதான் சாமி... வயித்துப் புள்ளைக்காரிகிட்ட எப்படிச் சொல்றது..."

"தெரியும்மா. அக்காட்ட குடு."

செருப்பில்லாத காலடி, ஒரு கதவு, துணி உரசுகிற சத்தம். அப்புறம் யாரோ மூச்சு விட்டார்கள். அந்த மூச்சை இந்துமதிக்குத் தெரியும், பதினெட்டு வயது வரைக்கும் அதன் பக்கத்தில்தான் படுத்துத் தூங்கினாள்.

"அக்கா" என்றாள். படி வரை வரும்போது சொல்வதற்கு என்னென்னவோ இருந்தது, இப்போது அந்த ஒரு வார்த்தைதான் மிச்சம் இருந்தது.

"ஆரு சொன்னா?"

"ஆரும் சொல்லலக்கா."

"அழுவாத புள்ள. பிரஷர் ஏறிரும் உனக்கு." வளர்மதியின் குரல் கரகரவென்று இருந்தது, நாள்கணக்கில் யாரோடும் பேசாதவளின் குரல். "ஸ்கேன் எடுத்தாங்களா? தினகர்கிட்ட நாந்தான் சொன்னேன், ஒடனே எடுத்துப் பாக்கச் சொல்லி. எனக்குத் திடீர்னு துடிப்பே காணம்னுட்டாங்க. உனக்கும் அப்படி ஆயிரக் கூடாதுன்னு சொன்னேன். நல்லாருக்குதாமல்ல?"

"நல்லாருக்குதுக்கா."

"ம்."

கீழே யாரோ வண்டியைக் கிளப்பினார்கள், தினகராக இருக்காது. இந்துமதியின் வயிற்றுக்குள் அது விழித்துக்கொண்டது. விலாவுக்கடியில் ஒரு உதை, உடனே இன்னொன்று, சுடிதார்த் துணியே தூக்கிப் போடுகிற மாதிரி, நிற்காமல்.

"இந்து" என்றாள் வளர்மதி. "இப்ப ஒதைக்குதா அது?"

"இல்லக்கா" என்றாள் இந்துமதி, வயிற்றின் மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டு. "தூங்குது."